முப்பத்திநாலு கல்

என் குழிக்குள் வேறொருவர் இருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. பக்கத்தில் ஒரு வாளி. வாளிக்குள் ஊதா நிறம்.

நியூசிலாந்தின் கோரமண்டல் மலையில் அது பொதுக் காடு. யாரும் படிகம் தோண்டலாம். சுத்தியல், உளி, அலவாங்கு என்னும் கடப்பாரை போன்ற கைக்கருவிகள் மட்டும். இயந்திரம் கூடாது, வெடி கூடாது. அது எழுதிவைத்த விதி. எழுதாத விதி ஒன்றும் உண்டு. அலவாங்கைக் குழிக்குள் நட்டுவிட்டுப் போனால் அந்தக் குழிக்கு ஆள் இருக்கிறது என்று பொருள். ஒரு மாதமானாலும் எவரும் தொடமாட்டார்கள். அலவாங்கு இல்லாத குழி கைவிடப்பட்ட குழி.

இதை எனக்கு முதல் நாளே சொல்லித்தந்தவர் பக்கத்துக் குழிக்காரர் கெவின். இப்போது என் குழிக்குள் இருந்தவரும் அவர்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"உன் அலவாங்கைக் காணவில்லை. விட்டுவிட்டாய் என்று நினைத்தேன்," என்றார் ஆங்கிலத்தில்.

பின்னால் அத்தான் மூச்சுவாங்க ஏறி வந்தார். கையில் என் அலவாங்கு. எண்ணெய் பூசி, பழைய சாரத் துண்டால் சுற்றியிருந்தது.

"காரின்ர பின்பெட்டிக்குள்ள வைச்சிருந்தனான், உனக்குச் சொல்ல மறந்துபோனன். போன ஞாயிறு எங்கட சிநேகிதர் சபாரத்தினம் ஆக்களுக்கு இடம் காட்ட வந்த நேரம் பார்த்தால் காட்டுக்குள்ள அநாதையா நிக்குது. நல்ல இரும்பு, பிள்ளை. ஆரும் களவெடுத்தால்?"

ஐந்து வாரம் அந்நியர்கள் ஒருவரும் அதைத் தொடவில்லை.

தியாகலிங்கம் அத்தான் என் அக்கா யோகராணியின் கணவர். லின்ஃபீல்டில் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். என்னிடம் கார் இல்லை. சனிக்கிழமைகளில் அவர்தான் ஏற்றிவந்து, கீழே காரில் படுத்திருந்து, திரும்ப ஏற்றிப்போவார். அதற்காக நான் நன்றியோடு இருக்கவேண்டும். இருந்தேன்.

பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஓர் உதவியாளர் வேலை இருந்தது. இலங்கையில் வாங்கிய என் பேராதனைப் பட்டத்தை எப்படி மதிப்பிடுவது என்று தெரியவில்லை என்றார் அங்கே இருந்த விரிவுரையாளர். பாறைக்குள் படிகங்கள் வளர்ந்திருக்கும் பொந்து ஒன்றை நானே திறந்து, எந்தக் கல் எந்தச் சுவரில் நின்றது, எது முதலில் வளர்ந்தது, எது அதன்மேல் வளர்ந்தது என்று அளந்து வரைந்து கொண்டுவரச் சொன்னார். திங்கட்கிழமை கடைசி நாள். இல்லையென்றால், மங்கரேயில் விமானச் சரக்குக் கொட்டகையில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டுவதுதான் என் வேலை.

போன சனிக்கிழமை உளி வெறுமைக்குள் இறங்கியது. விரலை விட்டேன். நுனிகள் தட்டுப்பட்டன. வெளிச்சம் போதாது என்பதால் திறக்காமல் விட்டேன். ஒரு முழுப் பகல் வேண்டியிருந்தது.

வாளிக்குள் பார்த்தேன். எல்லாம் அடியை விட்டு உடைத்தெடுத்த படிகத் தலைகள். "எது எந்தச் சுவரில் இருந்தது?" என்று கேட்டேன்.

கெவின் தலையைச் சொறிந்தார். "எல்லாச் சுவரிலும்தான்."

அத்தான் முன்னே வந்து, இவள் என் மனைவியின் தங்கை, கல்லைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். கெவின் அத்தானின் கையிலிருந்த அலவாங்கைப் பார்த்தார். "விதி அவளுக்குத் தெரியும்," என்றார். ஆனாலும் பெரிய கல்லாக ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"வாங்கு, மலர். சும்மா தாறான். அக்காவின்ர சங்கிலிக்கு ஒரு பென்ரன் செய்யலாம்."

"பொத்துங்கோ வாயை."

அத்தான் திரும்பிப் பார்த்தார். நான் வேறு யாருக்கோ சொன்னேன் என்று நினைத்திருப்பார்.

"உங்களுக்குத்தான் சொன்னனான்."

குழிக்குள் இறங்கினேன். சுவரில் முறிந்த அடிகள் அப்படியே இருந்தன. ஒவ்வொரு முறிவும் ஒவ்வொரு விதம். தலையின் முறிவும் அடியின் முறிவும் பொருந்தினால் அந்தக் கல்லுக்கு இடம் உண்டு.

"வாளி எனக்கு வேண்டும். பின்னேரம் வரை," என்றேன் கெவினிடம். தயவுசெய்து என்று சொல்லவில்லை. அவர் தந்தார்.

முப்பத்திநான்கு தலைகள். ஒவ்வொன்றாக எடுத்து ஒவ்வொரு அடியிலும் வைத்துப் பார்த்தேன். சில அடிகள் தூளாகிவிட்டன. சில தலைகளைக் கெவின் ஏற்கெனவே தட்டி மட்டமாக்கியிருந்தார். விரல் வெட்டுப்பட்டது. இரத்தம் கல்லில் பட, துடைத்துத் துடைத்து வரைந்தேன்.

இரண்டு மணிக்கு அத்தான் மேலே வந்து நின்றார். "சில்வெஸ்ரர் வீட்டில சாப்பாட்டுக்கு வரச் சொன்னவை."

"இருங்கோ."

"என்னட்டை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அதைத் தொட்டிருப்பனோ? வீட்டில வாயே திறக்கிறேல்லை. இப்ப கோவிக்கிறாய்."

அது உண்மை. உண்மையானபடியால்தான் கூடுதலாக எரிந்தது. "நீங்கள் கேட்டனீங்களோ? என்ர சாமானை எடுக்கேக்கை என்னட்டை ஒருக்கா கேட்டனீங்களோ?"

"நல்லதுக்குத்தானே செய்தனான்!"

"களவெடுக்கிறவன் எண்டால் ஏசலாம். உங்களை என்ன செய்யிறது?"

அவர் போய்க் காரில் இருந்தார். வெளிச்சம் போகும்வரை இருந்தார்.

பதினொரு கல் பொருந்தியது. மீதிக்கு, படத்தின் ஓரத்தில் 'இடம் தெரியாது' என்று இருபத்திமூன்று முறை எழுதினேன்.

திங்கட்கிழமை விரிவுரையாளர் படத்தை நெடுநேரம் பார்த்தார். இது பொந்து அல்ல, பொந்தின் மூன்றில் ஒரு பங்கு என்றார். ஆனால் முறிவுகளைப் பொருத்திய விதம் பிடித்திருக்கிறது என்றார். நிரந்தர வேலையை இன்னொருவருக்குக் கொடுத்தார். எனக்கு மூன்று மாதம், அரைநாள் வேலை.

அடுத்த ஞாயிறு சபாரத்தினம் குடும்பம் வீட்டுக்கு வந்தது. நான் தேத்தண்ணி கொண்டுவந்தேன். அத்தான் கதிரையில் சாய்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் அந்த அலவாங்கை எடுத்தபடியால்தான் இவள் உந்தப் பொருத்திற வேலை செய்தவள். யூனிவர்சிற்றிக்காரன் மயங்கிப்போனான். இல்லாட்டி ஆர் இவளைக் கூப்பிடுவினம்?"

எல்லோரும் சிரித்தார்கள். தட்டை மேசையில் வைத்தேன்.

"முப்பத்திநாலு கல்லு இருந்தது, அத்தான். பதினொண்டுதான் மிஞ்சினது. முழு வேலை ஒண்டு இருந்தது. அரைதான் மிஞ்சினது. மிச்சம் உங்களாலை போனது."

சபாரத்தினம் தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். அக்கா குசினி வாசலில் நின்று என் பெயரைத் தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள்.

"ஆக்களுக்குச் சொல்லுறதெண்டால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கோ," என்றேன். உட்கார்ந்தேன். அந்த முன்னறையில், விருந்தாளிகள் இருக்கும்போது, நான் அதற்குமுன் உட்கார்ந்ததில்லை.