ஜெபக்கனிக்கு வலிக்கும் என் கால்

என் காலில் முள் குத்தினால் பாளையங்கோட்டையில் ஜெபக்கனிக்கு வலிக்கும். ஏற்பாடு அப்படி. சர்க்கரை வந்த பதினெட்டு வருஷத்தில் என் பாதத்தை விட்டு உணர்ச்சி போய்விட்டது. போனது போகட்டும், யாராவது ஒருவருக்கு வலித்தாக வேண்டும் அல்லவா? அதற்காக ஆஸ்பத்திரியில் ஜெபக்கனியைப் போட்டிருக்கிறார்கள். நர்ஸ் படித்த பெண்.

வீட்டுக்கு ஒரு பலகை கொடுத்தார்கள். எடை பார்க்கும் மிஷின் போல இருக்கும். தினமும் காலை ஆறு மணிக்கு அதன்மேல் ஏறி நின்று இருபது எண்ண வேண்டும். பலகையில் பட்டதெல்லாம் அவளுக்குப் போய்விடும். ஏழு மணிக்குப் போன் வரும்.

"இடது கால விட வலது கால் சூடா இருக்கு அண்ணாச்சி. இன்னைக்கு நிக்காதீங்க."

நான் கோவில்பட்டியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். நிற்காமல் லேத் ஓட்டுவதா என்று கோபம் வரும். ஆனாலும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். பயம்தான், வேறென்ன. என் பெரியப்பா மகன் சுடலைமுத்து, மிளகு அளவு புண்ணை "அதுவா ஆறிரும்" என்று விட்டுவைத்தான். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல்தான் வீட்டுக்கு வந்தான்.

ஜெபக்கனியிடம் என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் கால் இருக்கிறது. இத்தனை பேர் காலுக்கு நடுவில் உன் கால் வலித்தால் எப்படித் தெரியும் என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்காலுக்கு எடமில்ல அண்ணாச்சி. அது பாட்டுக்குக் கெடக்கு," என்றாள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

ஆயுத பூஜை வந்தது. முதல்நாள் சாயங்காலமே என் மனைவி ஆவுடை பட்டறையைக் கழுவிவிட்டு லேத், டிரில்லிங் மிஷின், ஸ்பானர் என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தாள். கையோடு வீட்டிலிருந்து பலகையையும் கொண்டுவந்துவிட்டாள். அதுவும் ஆயுதம்தானே. நாலு மூலையிலும் பொட்டு, நடுவில் ஒரு சாமந்திப் பூ. காலையில் பட்டறைக்குப் போய் அதன்மேல் ஏறக் காலைத் தூக்கினேன்.

"பொட்டு வச்ச சாமான்ல காலை வைப்பீகளா? வெளங்கும்!" என்றாள்.

பூஜையில் வைத்த புத்தகத்தையே பிள்ளைகள் தொடுவதில்லை. காலை இறக்கிக்கொண்டேன். பூஜை இடம் என்பதால் ஆஸ்பத்திரியில் கொடுத்த செருப்பையும் வாசலில் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு லேத்தைச் சுற்றி வந்து சூடம் காட்டினேன். அக்கம்பக்கத்துக்குப் பொரிகடலை கொடுத்தோம். ஜெபக்கனிக்கும் அன்று லீவு, போன் வரவில்லை. நல்ல நாளாகத்தான் போனது.

மறுநாள் விஜயதசமி. பத்தரை மணிக்கு மேல்தான் நல்ல நேரம், அதுவரை சாமானைத் தொடக்கூடாது. ஏழு மணிக்கு ஜெபக்கனி போன் செய்தாள்.

"அண்ணாச்சி, முந்தாநாளு சாயங்காலத்துலருந்து உங்க கால் ஜில்லுன்னு இருக்கு. சந்தனம் பூசுன மாதிரி. சாமந்தி வாசம் வேற."

"நல்லதுதானம்மா?"

"என்ன நல்லது? லேத் பட்டறைக்காரர் காலு இவ்வளவு சொகமா இருக்கவே கூடாது. ஏறி நில்லுங்க."

பூஜை விஷயத்தைச் சொன்னேன். பத்தரை வரை பொறுக்கச் சொன்னேன்.

"கண் கெட்ட பெறகு சூரிய நமஸ்காரமா? போனை மதினிகிட்ட குடுங்க."

கொடுத்தேன். "மிதிக்க மட்டும் விடமாட்டேன்," என்றாள் ஆவுடை. பிறகு ஜெபக்கனி ஏதோ வழி சொல்ல, தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். கடைசியில் என்னைப் பார்த்து, "வாங்க பட்டறைக்கு. படுங்க," என்றாள்.

கால் பலகையை மிதித்தால்தான் பாவம். பலகை வந்து காலைத் தொட்டால் பாவமில்லை. லேத்துக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்துச் சுவரில் காலைத் தூக்கி வைத்தேன். ஆவுடை பலகையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என் பாதங்களில் பொருத்திப் பிடித்தாள். சாமந்திப் பூ என் மூக்கில் விழுந்தது. பன்னிரண்டு எண்ணும்போது போனில் ஜெபக்கனி அலறினாள்.

"ஐயோ அம்மா! வலது கால், ரெண்டாவது விரலுக்குக் கீழ. கம்பி மாதிரி குத்துது. பாருங்க மதினி!"

எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை. ஆவுடை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கடைசல் பிசிர், நூல் கனத்தில் ஒரு இரும்புச் சுருள், தோலுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் சிவந்திருந்தது. நான் வெறுங்காலோடு சாமி கும்பிட்டபோது ஏறியது.

அன்றே பாளையங்கோட்டைக்குப் போனோம். டாக்டர் அதை எடுத்துவிட்டு, இன்னும் ரெண்டு நாள் போயிருந்தால் சீழ் வைத்திருக்கும் என்றார். வெளியே வந்தால், ஜெபக்கனி சுவரைப் பிடித்தபடி நொண்டிக்கொண்டு வருகிறாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்னால உனக்கு எம்புட்டு வலி தாயி," என்றேன்.

"பத்து நாள் நொண்டணும் அண்ணாச்சி. நான் நொண்டுதேன். நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தேன். பத்தாம் நாள் அவள் நன்றாக நடந்தாள், எனக்கும் புண் இல்லை. அடுத்த வருஷம் பலகைக்கு அடிப்பக்கம் பொட்டு வைப்பதாக ஆவுடை சொல்லியிருக்கிறாள்.

இன்று காலை பலகையில் நின்றேன். பதினைந்து எண்ணும்போது இடது குதிகாலில் சுருக்கென்றது. குனிந்து பார்த்தேன். என் குதிகாலில் ஒன்றுமில்லை. ஏழு மணிவரை காத்திராமல் நானே போன் செய்தேன்.

"புதுச் செருப்பாம்மா?"

"ஆமா அண்ணாச்சி. தங்கச்சி வாங்கிக் குடுத்தா."

"இடது குதிகாலைக் கடிக்குது. கழட்டு."

கழற்றும் சத்தம் கேட்டது.

"தோல் உரிஞ்சிருக்கு," என்றாள் ஜெபக்கனி. "நான் பாக்கவே இல்ல."

"மருந்து போடு. இன்னைக்கு நிக்காதே."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரும்வரை போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, இடது காலை நொண்டியபடியே பட்டறையைத் திறக்கப் போனேன்.