நிஜமாவே வலிக்குது

ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் அக்காவின் இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து ஊரார் பேச்சை அவள் உதடுகளில்தான் படித்தாள். முப்பது வருடப் பழக்கத்தில், சாலைக்கு அந்தப் பக்கம் நின்று போனில் பேசுகிறவர்களின் குடும்பச் சண்டைகூட அவளுக்கு அத்துப்படி. அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். எழுத்தும் தப்பாது, உதடும் தப்பாது. "உன் எதிர்ல வாயைத் திறக்கவே பயமா இருக்கு" என்பாள் தங்கை.

அந்தத் தங்கைதான் அவளைச் சினிமாவுக்குக் கூட்டிப்போனாள். தங்கை படத்தொகுப்பில் உதவியாளர். அவளுடைய இயக்குநர், தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய ஒரு பேய்ப் படத்தைப் புதிதாக எடுத்துக்கொண்டிருந்தார். பழையது பேசாப் படம். செத்துப்போன மணிக்கூண்டுக் காவலாளி எழுந்து வந்து, கல்யாணப் பெண்ணின் கையைப் பிடித்துப் படிகளில் இழுத்துப்போகிற கதை. எத்தனை டேக் எடுத்தாலும் "இன்னொண்ணு" என்று கேட்பதால், இயக்குநருக்கு அவர் முதுகுக்குப் பின்னால் 'இன்னொண்ணு' என்றே பெயர்.

"எல்லாரும் வாயசைச்சு என்னமோ பேசுறாங்க மேடம். நடுநடுவுல காட்டுற அட்டையில எழுத்தா வந்தது கால்வாசிதான். மீதியை நீங்க படிச்சுச் சொன்னா, அதையே வசனமா வச்சிடுவேன்" என்றார்.

"ஊமைப் படத்துக்குச் செவிடி சாட்சியா? நல்ல பொருத்தம் சார்" என்று அக்கா சிரித்தாள்.

முதல் இரண்டு நாள் வேடிக்கையாகத்தான் போனது. பல்லைக் காட்டி உறுமிக்கொண்டு வரும் பேய் உண்மையில் சொன்னது, "இந்தச் செருப்பு கடிக்குதுய்யா." தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மூன்றாம் நாள் படிக்கட்டுக் காட்சி. அக்கா அதை ஏழு தடவை ஓட்டச் சொன்னாள். 'ப'வுக்கும் 'ம'வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். முன்பின் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. கல்யாணப் பெண்ணாக நடித்தவள் பேயைப் பார்க்கவில்லை. நேராகக் கேமராவைப் பார்த்துச் சொன்னாள்: "கையை விடச் சொல்லுங்க. நிஜமாவே வலிக்குது. போதும்."

இயக்குநர் மேஜையைத் தட்டினார். "இதைவிட நல்ல வசனத்தை எவன் எழுதுவான்?"

"அது வசனம் இல்ல சார். அந்தப் பொண்ணு படம் எடுக்குறவங்ககிட்ட கெஞ்சுது."

"அதனாலதான் மேடம், அது வேணும்."

வாயில்லாப் பூச்சியாக ஒருத்தி திரையில் துடித்ததை ஊரே தொண்ணூறு வருடமாக நடிப்பு என்று பார்த்திருக்கிறது.

படப்பிடிப்பு ஒரு பழைய கிடங்கில் நடந்தது. உதட்டசைவு பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க அவளை வரச்சொல்லியிருந்தார்கள். புதிய நடிகைக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். அக்காவோடு பேசும்போதெல்லாம் முகத்தை நேராகத் திருப்பிப் பேசினாள். கேட்காமலே அப்படிச் செய்கிறவர்கள் குறைவு. பேய்க்கு முகமூடியும், ஸ்பிரிங்கில் மூடித் திறக்கும் இரும்பு விரல்கள் வைத்த கையுறையும். புயலில் நடக்கும் படிக்கட்டுக் காட்சி என்பதால் பெரிய விசிறி சுழன்றது. அந்த இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்காது, குரலைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள் என்று தங்கை விளக்கினாள்.

"சரி, அவளுக்கு நிஜமாவே வலிச்சா என்ன சொல்லுவா?" என்று அக்கா கேட்டாள். "நிஜமாவே வலிக்குதுங்கறதுதான் வசனமாச்சே?"

"அதெல்லாம் அவங்க பாத்துப்பாங்கக்கா."

மூன்று டேக் முடிந்தது. இன்னொண்ணு என்றார். நான்காவதில் நடிகை அதே படியில், அதே இடத்தில், அதே வார்த்தைகளைச் சொன்னாள். ஆனால் 'போதும்' முதலில் வந்தது. பிறகு 'வலிக்குது', மறுபடியும் 'வலிக்குது'. பிறகு அக்கா இருந்த பக்கம் திரும்பினாள். வசனத்தில் இல்லாத ஒரு வார்த்தை அவள் உதட்டில் வந்தது. "அக்கா."

சுற்றிலும் பார்த்தாள் அக்கா. இயக்குநர் முன்னால் சாய்ந்து கட்டை விரலை உயர்த்திக்கொண்டிருந்தார். பேய் முகமூடிக்குள் இருந்தவனுக்கு எதுவும் தெரியவில்லை, இழுத்துக்கொண்டே இருந்தான். வெளியாட்கள் முன்னால் அக்கா குரலெடுத்துப் பேசமாட்டாள். தன் குரல் எப்படி ஒலிக்கும் என்று அவளுக்கே தெரியாது. அன்று கத்தினாள். கத்திக்கொண்டே கேமராவுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே போய் நின்றாள்.

விசிறி நின்றது. கையுறையின் ஸ்பிரிங் நடிகையின் மணிக்கட்டைக் கவ்வி இறுகியிருந்தது. கழற்றியபோது தோல் கிழிந்து, கை நீலமாக வீங்கியிருந்தது. முகமூடிக்காரன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். இயக்குநர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், காரை எடுக்கச் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் செய்தார். பிறகு மானிட்டர் பக்கம் திரும்பி, "எவ்வளவு நல்லா வந்துட்டிருந்துது" என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அக்கா அதையும் படித்துவிட்டாள்.

வீடு திரும்பும்போது தங்கை வெடித்தாள். "இன்னும் பத்து செகண்ட்ல அவரே கட் சொல்லியிருப்பாரு. எல்லார் முன்னாடியும் என் மானம் கப்பலேறிடுச்சு."

"சொல்லியிருப்பாரா?"

தங்கை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அக்காவிடம் முகத்தைத் திருப்புவது கதவைச் சாத்துவது மாதிரி. அதற்குமேல் பேச்சே கிடையாது.

பதினோரு நாள் கழித்து ஒரு சாயங்காலம் தங்கை அச்சக வாசலில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"நாலாவது டேக்கைத்தான் வைக்கச் சொல்றாருக்கா. எலும்புல கீறல் விழுந்திருக்கு, ஆனாலும் அந்தப் பொண்ணு சரின்னுட்டா. முதல் படமாம், பேர் கிடைக்குமாம்."

"அவ சரின்னுட்டா நாம என்ன பண்றது?"

"நான்தான் அதை வெட்டிப் படத்துல ஒட்டணும். தினம் நாப்பது தடவ ஓட்டிப் பாக்குறேன்." தங்கை நேருக்கு நேர் நின்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "அன்னைக்கும் நான் அவ முகத்தைத்தான் பாத்துட்டிருந்தேன். எனக்குக் காது நல்லாத்தானே இருக்கு? எனக்கு ஏன் தெரியல?"

தங்கையின் கையைப் பிடிக்கப் போன அக்கா, எங்கே அழுத்திவிடுவோமோ என்று பயந்து தோளைத் தொட்டாள்.

மறுநாள் தங்கை அந்த வேலையை விட்டாள். வேறொருவர் உட்கார்ந்து ஒட்டினார். படம் வந்தது, படிக்கட்டுக் காட்சியைப் பார்த்தவர்கள் எல்லாரும் நடிகையைக் கொண்டாடினார்கள். அக்காவும் தங்கையும் போகவில்லை. தெருமுனையில் ஒட்டியிருந்த சுவரொட்டியில் அந்தப் பெண் வாயைத் திறந்தபடி நின்றாள். அது கிழிகிற வரைக்கும் அக்கா அச்சகத்துக்கு வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனாள்.