கிளறக் கூடாத பானை

தாம்பரத்தில் கம்பளிக்கு வேலை என்று பார்த்தால், மார்கழியில் பால் வாங்கப் போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் குரங்குக் குல்லாய்தான். அதுவும் குளிருக்காக இல்லை, பழக்கத்துக்காக. அப்படிப்பட்ட ஊரில், அக்னி நட்சத்திரம் கொளுத்தும் ஒரு பிற்பகலில், மாடம்பாக்கத்து மூன்றாவது மாடி ஃபிளாட் ஒன்றின் சமையலறையில், ஜன்னலைச் சாத்தி, ஃபேனை அணைத்து, சாவித்ரி ஒரு பானைக் கம்பளிக்குக் காவல் நின்றுகொண்டிருந்தாள்.

கம்பளி அவளுடையது அல்ல, கணவர் தோத்தாத்ரியுடையது. பாங்கில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்றால் மற்றவர்களுக்குத்தான். முதலில் போன்சாய் வளர்த்தார். ஓர் அரச மரம் அவர் கையில் சிக்கி உயிரை விட்டது. அடுத்து வீட்டிலேயே ரொட்டி சுட்டார். பயனடைந்தவர் பல் டாக்டர். இப்போது கம்பளி. இணையத்தில் ஒரு குழுவில் சேர்ந்து, சீவிய ஆட்டுக் கம்பளியைப் பார்சலில் வரவழைத்து, அதற்குச் சாயம் ஏற்றி, காயவைத்து, தக்ளியில் நூற்பதாகத் திட்டம். நூற்ற நூலை என்ன செய்வது என்று சாவித்ரி ஒருநாள் கேட்டாள்.

"இது ரொம்ப கமர்ஷியல் கேள்வி சாவித்ரி" என்றார், ஆயுசு முழுக்க வட்டி கணக்கிட்ட மனிதர்.

சாயம் ஏற்றுவதற்கு விதிகள் இருந்தன. பொடி பறக்கும், அதனால் ஃபேன் கூடாது. தண்ணீர் ஆவி விடலாம், கொதிக்கக் கூடாது. முக்கியமாக, கிளறவே கூடாது. கிளறினால் இழையோடு இழை பின்னிக் கட்டியாகிவிடும், பிறகு பிரம்மா வந்தாலும் நூற்க முடியாது. ஆகவே சாயம் இறங்கும்வரை யாராவது பக்கத்தில் நின்று தீயை ஏற்றி இறக்க வேண்டும். அந்த யாராவது யார் என்று விவாதம் எதுவும் நடக்கவில்லை. அவளுடைய இட்லிப் பானையும் விவாதமின்றியே கம்பளிக்குப் போயிற்று. சாயம் பட்ட பாத்திரம் சமையலுக்கு ஆகாதாம். அன்றிலிருந்து வீட்டில் இட்லி இல்லை.

தோத்தாத்ரி ஹாலில் ஏசி போட்டுக்கொண்டு, லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, பொறுமையைப் பற்றிக் குழுவினருக்கு நேரலையில் பேசிக்கொண்டிருந்தார்.

சாவித்ரியின் போன் அதிர்ந்தது. பாலாம்பாள். ஒரு காலத்தில் இருவரும் ஒரே பள்ளியில் கணக்கு டீச்சர்கள். தோத்தாத்ரிக்கு வடக்கே மாற்றல் வந்தபோது சாவித்ரி வேலையை விட்டாள். பாலாம்பாள் விடவில்லை, இப்போது குரோம்பேட்டையில் டியூஷன் சென்டர் வைத்திருக்கிறாள்.

"கிளம்பிட்டியாடி?"

"இதோ. அடுப்புல கம்பளி இருக்கு."

"அடுப்புல என்ன இருக்கு?"

"விடு. வந்துடறேன்."

"நாலு மணிக்கு உன் முதல் கிளாஸ். பசங்க வந்துடும். நீ வரலேன்னா கீதாவைப் போட்டுடுவேன், சொல்லிட்டேன். அவளுக்கு அல்ஜீப்ரா தகராறுதான், ஆனா நேரத்துக்கு வந்து நிக்கறா. போன வாரமும் இப்படித்தான் ஏதோ சொன்னே. இனிமே கூப்பிட மாட்டேன்டி."

சாவித்ரி ஹால் வாசலில் போய் நின்றாள். நேற்றே இஸ்திரி போட்டு வைத்திருந்த புடவையைக் கட்டியிருந்தாள். முதுகுப் பக்கம் வியர்வையில் ஒட்டிப் போயிருந்தது.

"ஏன்னா, நான் கிளம்பணும். நாலு மணிக்கு கிளாஸ்னு சொன்னேனே. நீங்க வந்து பாத்துக்கோங்கோ."

தோத்தாத்ரி காமிராவைப் பார்த்துப் புன்னகைத்தார். "பாருங்கோ, இதைத்தான் சொல்லிண்டிருந்தேன். நமக்குத்தான் அவசரம். கம்பளிக்கு அவசரம் தெரியாது." பிறகு குரலை இறக்கி, "இன்னும் ஒரு அரை மணி. இப்ப விட்டா நிறம் திட்டுத் திட்டாயிடும். அந்தப் பசங்க எங்கே போயிடப் போறதுகள்?"

இந்த அரை மணியை அவள் மூன்றாவது தடவையாகக் கேட்கிறாள்.

சமையலறைக்குத் திரும்பினாள். பானையில் பேனா மை நிறத்தில் கம்பளி அசையாமல் கிடந்தது. அதற்கு அவர் 'விடியல் சமுத்திரம்' என்று பெயர் வைத்திருந்தார். தீயைக் குறைத்தால் ஆறிவிடும், கூட்டினால் கொதித்துவிடும், விட்டுப் போனால் பாழ். பாழாகாதவரை அவள் நகர முடியாது.

அங்கே அவள் நினைப்பு நின்றது. பாழாகாதவரை.

தீயை முழுதாகக் கூட்டினாள். கீரை கடையும் மத்தை எடுத்துப் பானைக்குள் விட்டாள். வருஷக்கணக்காகக் கீரை மசித்த கை; கம்பளிக்கென்று தனியாக மரியாதை காட்டவில்லை. நுரை தளும்பியது. ஃபிரிட்ஜிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீரை அதன் தலையில் கவிழ்த்து மறுபடி கடைந்தாள். சமுத்திரம் சுருண்டு, இறுகி, அடை கனத்துக்கு ஒரு நீலக் கட்டியானது.

தட்டில் எடுத்துக் கொண்டுபோய் லேப்டாப் பக்கத்தில் வைத்தாள். "முடிஞ்சுது. நான் வரேன்."

தோத்தாத்ரியின் வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை.

திரையில் குழுத் தலைவி சின்மயி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தாள். "வாவ், சார்! இது ஃபெல்ட்டிங்தானே, கம்பளியை இறுக்கிக் கட்டியாக்கறது? இவ்ளோ கெட்டியா நாங்க யாருமே பண்ணினதில்ல. எப்படி சார்?"

ஒரு நொடிதான். அதற்குள் தோத்தாத்ரி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கீழே இருப்பவர்கள் செய்ததைத் தன்னுடையதாக ஏற்றுக்கொள்ளும் வித்தையில்தான் அவர் பதவி உயர்வெல்லாம் வாங்கியிருந்தார். "ஆமாம். கொஞ்ச நாளா நான் முயற்சி பண்ணிண்டிருக்கற ஒரு முறை. சாவித்ரி, ஸ்டெப் பை ஸ்டெப்பா நீயே சொல்லேன்."

"மேடம், ப்ளீஸ் உக்காருங்க" என்றாள் சின்மயி. "சனிக்கிழமை தோறும் நீங்களே சொல்லிக் குடுங்களேன்."

தோத்தாத்ரி தன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஏசிக் காற்று நேராக அதன்மேல்தான் விழுந்தது. திரை முழுக்க முகங்கள் அவளுக்காகக் காத்திருந்தன. அவளிடம் யாராவது ஒன்றைக் கற்றுக்கொள்ளக் கேட்டு எத்தனையோ காலம் ஆயிற்று. சாவித்ரியின் கை நாற்காலியின் முதுகைத் தொட்டுவிட்டது. உட்கார்ந்தால் அடுத்த சனிக்கிழமை இரண்டு பானை.

கையை எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு என்ன தெரியும்? அவர் கண்டுபிடிச்சது. அவரே சொல்வார்" என்றாள் காமிராவைப் பார்த்து. "நிறையக் கேள்வி கேளுங்கோ, அவருக்குப் பிடிக்கும்."

செருப்பை மாட்டும்போது உள்ளே தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது. "அதாவது... இதுல முதல்ல நாம புரிஞ்சுக்க வேண்டியது, கம்பளின்னா என்ன..."

லிஃப்ட் கீழே எங்கேயோ நின்றுகொண்டிருந்தது. அதற்காகக் காத்திராமல், புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாவித்ரி படியில் இறங்கினாள்.