பேசியது பேசியபடி

காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றியபோதுதான் மழை பெய்து ஓய்ந்திருப்பது ஷீலாவுக்குத் தெரிந்தது. மொட்டைமாடிக்கு ஓடலாமென்று கதவைத் திறந்தாள். கொடியில் காயப்போட்ட துணியெல்லாம் வாசல் ஸ்டூலில் மடித்து வைத்திருந்தது. இந்த மாதத்தில் மூன்றாவது தடவை. கீழ்வீட்டு மினதி ஒடிசாக்காரி. தமிழ் பத்து வார்த்தைக்குமேல் வராது. ஆனாலும் மேல்வீட்டு அக்கா வேலையில் உட்கார்ந்தால் இடி விழுந்தாலும் கேட்காது என்று எப்படியோ கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

வேலை அப்படி. மெல்பர்னுக்கு வெளியே ஒரு சின்ன நகரத்தின் கவுன்சில் கூட்டம் அங்கே முடிந்ததும் ஒலிப்பதிவு இரும்புலியூரில் இருக்கும் ஷீலாவுக்கு வந்துவிடும். ஊர்க்காரர்கள் மைக் முன்னால் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசுவார்கள். பேசியதைப் பேசியபடி டைப் அடிக்க வேண்டும். இருமல், விம்மல், பாதியில் நின்ற வாக்கியம் எதையும் விடக்கூடாது. இரண்டு வருடமாக அங்கே ஒரே சண்டைதான். வெளியிலிருந்து வந்து குவிகிறார்கள், வாடகை ஏறுகிறது, ஊர் நம்முடையதா இல்லையா? ஒரு கிழவர் மாதம் தவறாமல் வந்து, எனக்கு அவர்கள்மேல் வெறுப்பில்லை என்று ஆரம்பிப்பார். கேட்டாலே ஷீலாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் குரல் உடைந்து, வாடகைக்கு வீடு கிடைக்காமல் என் மகள் காரில் தூங்குகிறாள் என்றார். அதை அடித்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். அப்புறமும் அவர் சொல்வது நியாயமென்று தோன்றவில்லை. ஆனால் அவர் வராத மாதம் மனசு அடித்துக்கொண்டது.

இதனால் அந்த அடுக்குமாடியின் பன்னிரண்டு வீட்டுக்கும் ஷீலாதான் வெளியுறவு மந்திரி. அசோசியேஷன் தலைவர் சுப்பராயலு ஒருநாள் படிக்கட்டிலேயே மடக்கினார். கட்டடம் நிற்கும் நிலம் ஒருகாலத்தில் அவர் குடும்பத்துடையது. மகன் விக்கி மெல்பர்னில் இருக்கிறான்.

"திரும்பிப் போன்னு அங்க ஊர்வலம் வுடறாங்களாமே. இன்னாமா பிரச்சன அவங்களுக்கு?"

"வீடு கிடைக்கல, வாடகை ஏறிப்போச்சு. அந்தக் கோவத்த வந்தவங்க மேல காட்டறாங்க, சார்."

"விக்கிய கேட்டா நல்லா இருக்கேன்பான்னு போன வச்சிடறான்." கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

அடுத்த ஞாயிறு கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் நடந்தது. பேச்சு மினதி வீட்டைப் பற்றியது. கடுகெண்ணெய் வாடை, படியெல்லாம் செருப்புச் சேறு, சொந்தக்காரர்கள் வந்து தங்குகிறார்கள். காலி செய்யச் சொல்லி, பெங்களூரில் இருக்கும் வீட்டுக்காரருக்குக் கடிதம் போடலாம் என்றார்கள். மினதியின் பெண்ணை இந்த ஜூனில்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தார்கள்.

"அவங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல," என்றார் சுப்பராயலு. "ஆனா ஒருத்தன் வந்தா பின்னாடியே பத்து பேர் வந்துடறான். அவங்க ஊருக்கு அவங்க போவட்டும். இப்ப நம்ம விக்கியவே எடுத்துக்க..."

பேச்சு பாதியில் நின்றுவிட்டது. யாரோ தண்ணீர்த் தொட்டி கழுவுவதைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். கடிதத்துக்கு எல்லோரும் தலையாட்டியாயிற்று. செயலாளர் ஷீலாவும் வாயைத் திறக்கவில்லை. வாரம் முழுக்க அவளை அரித்தது அதுதான்.

கூட்டக் குறிப்பை அடுத்த ஞாயிறு படித்து, தலைவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கடிதம் போகும். வழக்கமாக இரண்டே வரி எழுதுவாள்: விவாதிக்கப்பட்டது, ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. இந்த முறை ஆஸ்திரேலியாக்காரர்களுக்கு எழுதுவதுபோல எழுதினாள். கணவர் பிரிட்டோ தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

"இதப் படிச்சன்னு வெய்யி, நாமதான் வீட்டக் காலி பண்ணணும்."

"பண்ணுவோம்," என்றாள். 

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவள் படிக்கத் தொடங்கியபோது முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொரு நாற்காலியாக அடங்கியது.

"நாத்தம்னா சொன்னேன் நான்?" என்றாள் மூன்றாம் மாடி சரோஜினி.

"சொன்னீங்கக்கா."

சரோஜினி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். ஷீலா மேலே படித்தாள். "'இப்ப நம்ம விக்கியவே எடுத்துக்க.' இங்கே தலைவர் பேச்சை நிறுத்தினார். செயலாளர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு எதுவும் பேசாமல் இருந்தார்."

சுப்பராயலு மடியில் குறிப்பின் அச்சுப் பிரதியும் கையில் திறந்த பேனாவுமாக இருந்தார். "அந்த எடத்த திருப்பிப் படிம்மா."

படித்தாள்.

"அப்பறம்?"

"அப்பறம் நீங்க பேசல, சார்."

சுப்பராயலு நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். "எழுதிக்க," என்றார். "அவன் நல்லாக்கீறேன்னு சொல்றத நம்பிகினு கீறேன். துருவிக் கேக்க பயமா கீது. அங்க எவனாவது இதே மாதிரி கூட்டம் போட்டுகினு, என் புள்ளைய..."

மறுபடியும் நின்றார். இந்த முறை தண்ணீர்த் தொட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஷீலா மடிக்கணினியில் விரல்களை வைத்தபடி காத்திருந்தாள்.

அப்போது மினதி பெண்ணைக் கூட்டிக்கொண்டு படியிறங்கி வந்தாள். இரண்டு பேரும் வெறுங்காலோடு இருந்தார்கள். செருப்புகளைக் கையில் பிடித்திருந்தாள். எல்லோரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, நாற்காலிகளைச் சுற்றி கேட்டைத் தாண்டிப் போனாள். வெளியே தெருவில் குனிந்து, ஈரமில்லாத இடமாகப் பார்த்துப் பெண்ணின் செருப்பை முதலில் வைத்தாள். குழந்தை காலை நுழைத்து, பட்டையை மாட்டி நிமிரும்வரை சுப்பராயலு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தின்மேல் அவருடைய பேனா அப்படியே நின்றது.