மேசையை எடுத்த கடை

போர் முடிந்து சில வருஷம் கழித்து ரேஷன் கார்டை ஒழித்தார்கள். வரிசையை ஒழிக்க அவர்களால் முடியவில்லை. எங்கள் தெருவில் இரண்டு பேர் நின்று பேசினால் மூன்றாவது ஆள் பையை விரித்துக்கொண்டு பின்னால் வந்து நிற்பான். என்ன தருகிறார்கள் என்று அப்புறம்தான் கேட்பான்.

அந்தத் தெருவில்தான் என் அக்காவும் அவள் கணவரும் மளிகைக் கடை வைத்திருந்தார்கள். நான் அவர்கள் வீட்டு மாடியில் இருந்தேன். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தேன். காலையில் வந்து கடையில் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் படுப்பேன்.

மாமாவுக்கு ஊர் வைத்த பெயர் கிராம். தராசுத் தட்டு ஒரு மயிரிழை தாழ்ந்தால் ஒரே ஒரு பயறை எடுத்து மூட்டையில் திரும்பப் போடுவார். போர் முழுக்க ஊருக்கே படியளந்தவர். யாருக்கும் குறைத்ததில்லை, யாருக்கும் கூட்டியதும் இல்லை. கடையின் குறுக்கே ஒரு நீள மேசை கிடந்தது. அந்தப் பக்கம் சரக்கும் மாமாவும். இந்தப் பக்கம் ஊர். அக்கா இரண்டு பக்கமும் இல்லை. ஜன்னலே இல்லாத பின்னறையில் உட்கார்ந்து கூப்பன் ஒட்டினாள், பொட்டலம் மடித்தாள். அவள் விரல்களில் எப்போதும் பசை காய்ந்திருக்கும்.

ரேஷன் போனபிறகு அவள் பெரிய நகரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனாள். திரும்பி வந்தவள் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“அங்க ஒரு கடைங்க. மேசையே இல்ல. சனங்க கூடையைத் தூக்கிட்டு உள்ள போறாங்க, வேணுங்கிறதை எடுக்கறாங்க, வாசல்ல ஒருத்தி உக்காந்து கணக்குப் போட்டு வாங்கிக்கறா.”

“எடுத்துட்டு ஓடிட்டா?”

“ஓடலையே. பாத்துட்டுதானே வரேன். நம்ம கடையிலயும் மேசையை எடுத்துருவோம். வாசல்ல நான் உக்காந்துக்கறேன்.”

மாமா சிரித்தார். அக்கா விடவில்லை. கடைசியில் சனிக்கிழமை வரைக்கும் என்று ஒப்புக்கொண்டார். அதற்குள் ஜனங்கள் தாங்களாக எடுத்து வாங்கப் பழகவில்லை என்றால், சாயங்காலம் தச்சர் வந்து மேசையை மறுபடி மாட்டிவிடுவார். அக்கா பின்னறைக்குப் போய்விட வேண்டும். இனி அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

மேசையைக் கழற்றி எடுத்துவிட்டு வியாழக்கிழமை காலை கதவைத் திறந்தோம். அலமாரிகள் திறந்து கிடந்தன. கூடைகள் வாசலில் அடுக்கி இருந்தன. வந்தவர்கள் நேராக உள்ளே போய், மேசை இருந்த இடத்தில், இல்லாத மேசைக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். தள்ளுமுள்ளு இல்லை. முதல் ஆளான டிராம் டிரைவர் வெறும் காற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“உள்ள போய் எடுங்கண்ணே,” என்றாள் அக்கா.

“யாரும் குடுக்காம எப்படிம்மா எடுக்கறது? திருடற மாதிரி இருக்கு.”

அவருக்குப் பின்னால் நின்ற நர்ஸம்மா எட்டிப் பார்த்தார். “ஆளுக்கு எவ்வளவு?”

“எவ்வளவு வேணுமோ அவ்வளவு.”

வரிசை முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. நர்ஸம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார். “ஏன்? சரக்கு கெட்டுப்போச்சா?”

மாமா கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. கடைசியில் அவரே அலமாரியிலிருந்து எடுத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். வெள்ளிக்கிழமையும் அதே கதை. அக்கா ராத்திரி சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை அவள் ஒரு கூடையை எடுத்து மாமாவின் நெஞ்சில் இடித்தாள்.

“நீங்க வாங்குங்க.”

“என் கடையில நானேவா?”

“ஒரு ஆள் எடுத்தா மத்தவங்களுக்கும் கூச்சம் போயிரும். போங்க.”

மாமா முனகிக்கொண்டே அலமாரிப் பக்கம் நடந்தார். வரிசை அவர் பின்னாலேயே நகர்ந்தது. அவர் ஒரு மீன் டின் எடுத்தார். டிராம் டிரைவரும் ஒரு மீன் டின் எடுத்தார். அவருக்குப் பின்னால் நர்ஸம்மா, அப்புறம் தையற்காரி, அப்புறம் மீதிப் பேர், ஆளுக்கு ஒரு மீன் டின். முட்டைக்குப் பதிலாகப் போர்க்காலத்தில் அளந்து கொடுத்த முட்டைப்பொடி டப்பா ஒன்றை மாமா எடுத்தார். எல்லாரும் முட்டைப்பொடி எடுத்தார்கள். மாமாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முகம் மலர்ந்தது. குழந்தைகளுக்கான பால் மாவு டப்பா ஒன்றை எடுத்து, திரும்பிப் பார்த்தார். கல்யாணமே ஆகாத கடிகாரக்காரர் யோசிக்காமல் ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டார்.

சரக்கு என்னவோ நகர்ந்தது. அக்காவின் முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை. மாமா அவள் காதருகே குனிந்தார்.

“பாத்தியா? இதுங்களுக்குக் குடுக்கறதுக்கு ஒரு ஆள் வேணும். தச்சரை வரச்சொல்லிடறேன்.”

அவர் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது. தூங்கப் போகலாம் என்று எழுந்தேன்.

அப்போது தையற்காரி வரிசையை விட்டு விலகினாள். அதுவே பெரிய விஷயம். பிள்ளை அழுதால்கூட, இடம் போய்விடும் என்று விலகாத ஜனங்கள். அவள் திரும்பி நடந்து போய், கூடையிலிருந்த முட்டைப்பொடி டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

“என்னம்மா, டப்பா நசுங்கியிருக்கா?” என்றார் மாமா.

“இல்லைங்க. எனக்கு வேண்டாம்.”

“வேண்டாமா?”

“புடிக்காது. வாயில வச்சா சுண்ணாம்பு மாதிரி இருக்கு.”

“இத்தனை வருஷமா என்கிட்டதானே வாங்கினே?”

“நீங்க குடுத்தீங்க,” என்றாள்.

முதலில் சிரித்தது நர்ஸம்மாதான். தன் மீன் டின்னைத் தூக்கிப் பார்த்தார். “எங்க வீட்டுல பூனைகூட இதைத் திங்காது. நான்தான் தின்னேன்.” போய் வைத்துவிட்டு வந்தார். கடிகாரக்காரர் பால் மாவு டப்பாவை இப்போதுதான் முதல் தடவையாகப் படித்தார். காது சிவந்துபோய் மெதுவாகக் கீழே வைத்தார்.

“அப்ப உங்களுக்கு எதுதான் புடிக்கும்?” என்றாள் அக்கா, பொதுவாக எல்லாரையும் பார்த்து.

யாருக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. அலமாரி முன்னால் போய் நின்று பார்த்தார்கள். டிராம் டிரைவர் இரண்டு விதமான ஜாம் பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பெண் பார்க்க வந்தவர் மாதிரி மாற்றி மாற்றிப் பார்த்தார். நர்ஸம்மா பிஸ்கட் பொட்டலத்தை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். “கொஞ்சம் தள்ளுங்களேன், மறைக்குது” என்று ஒரு குரல். வரிசை எங்கே போனது என்று யாரும் கவனிக்கவில்லை. அலமாரி கலைந்து குப்பைமேடு போல் ஆனது. அக்கா வாசலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் தச்சர் கருவிப்பையுடன் வந்தார். ஜாம் காலி. பிஸ்கட் காலி. முட்டைப்பொடி மட்டும் சுவர் மாதிரி நின்றது. மாமா அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

“என்னங்க, மேசையை மாட்டிடலாமா?”

மாமா திரும்பினார். “உனக்கு எது புடிக்கும்?”

“எதுல?”

“திங்கறதுல.”

“பசிச்சா எல்லாமே புடிக்கும்ங்க.”

“நீ கெட்டிக்காரன். மேசை வேண்டாம், போயிட்டு வா,” என்றார் மாமா. அக்காவைப் பார்க்கவில்லை. அதை ஒரு தோல்வியாக அவர் சொல்லவும் இல்லை. அடுத்த வாரத்துக்கு எவ்வளவு ஜாம் சொல்ல வேண்டும் என்று கடை வாசல்வரை போய் யோசித்துவிட்டு வந்தார். இதுவரை அவர் அதை யோசிக்க வேண்டியிருந்ததே இல்லை. வந்ததைக் கொடுத்தார், கொடுத்ததைத் தின்றார்கள்.

இரவுச் சாப்பாட்டில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அக்கா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு கையை நக்கிக்கொண்டே கேட்டாள்.

“ஏங்க, என் சமையல்ல உங்களுக்கு எது புடிக்காது?”

நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். மாமா வெகுநேரம் மென்றார்.

“பூசணிக்காய்.”

“வாரத்துல ரெண்டு நாள் அதைத்தானே வைக்கறேன்!”

“தெரியும்.”

அக்கா அவரை முறைத்தாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் புரையேறியது. மாமா அவள் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார்.

“சரி, சொல்லுங்க. நாளைக்கு என்ன வைக்கட்டும்?”

மாமா வாயைத் திறந்தார், மூடினார். கூரையைப் பார்த்தார். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு நான் தெருவில் இறங்கியபோதும் அவர் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். “அவசரமில்ல, நிதானமா சொல்லுங்க,” என்று அக்காவின் குரல் கேட்டது.