ஏற்றிய கண்ணாடிகள்

மர்ஸூக்கின் வாடகைக் காருக்குப் பதுளை ஸ்டாண்டில் கோச்சி என்று பெயர். ரயிலை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். வளைவில் கரும்புகை தெரிந்ததுமே, பக்கத்துக் கார்க்காரன் காமில் கத்துவான்: "கோச்சி வருது, கேட்டப் போடுங்கடா!"

"சிரிங்க, சிரிங்க. ஒங்கட காரு ஏத்தத்துல நின்னா என்னத்தானே கூப்பிடுவீங்க," என்பான் மர்ஸூக்.

"பகிடிய வுடு மர்ஸூக். அந்தப் பொகக் குழாயக் கழட்டி வெல்டிங் கடையில குடு. பழைய தண்ணிக் குழாய வெட்டிப் போட்டுத் தருவான்."

"பாப்பம். இந்த மாசம் போகட்டும்."

வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத வருஷம் எழுபத்து நான்கு. காரின் அடியில் புகைக்குழாய் துருவேறி ஓட்டை விழுந்திருந்தது. மர்ஸூக் ஒரு பால்மா டின்னை வெட்டி, ஓட்டையின் மேல் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தான். டின் அடிக்கடி நழுவும். அப்போது பின் சீட்டுக்குக் கீழிருந்து புகை ஏறும். இரண்டு தடவை பின்னால் இருந்தவர்கள் வாந்தி எடுத்தார்கள். மலைப்பாதை அப்படித்தான் என்று சொல்லிச் சமாளித்தான். அதற்குப் பிறகு பின் கண்ணாடிகளை இறக்கிவிட்டே ஓட்டினான். காற்று வருகிறதே, அது போதும் என்று இருந்துவிட்டான்.

அந்த மார்கழியில் ஒரு மத்தியானம் முருகையா வந்து காரைக் கேட்டான். தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவன். மனைவி தனலெட்சுமிக்கு ஆஸ்பத்திரியில் ஆண் பிள்ளை பிறந்து ஐந்து நாள். மழை பிடித்துக்கொண்டிருந்தது, பஸ்ஸில் கூட்டிப்போக மனம் வரவில்லை. கூட அவன் அக்கா பெரியாயி வந்திருந்தாள். தம்பியின் பிள்ளையை அவள்தான் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள்.

"நானா, கண்ணாடிய ஏத்துங்க. பச்ச ஒடம்பு. வாடக் காத்து பட்டா தாயும் தாங்காது, புள்ளயும் தாங்காது," என்றாள். முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

மர்ஸூக் திரும்பிப் பார்த்தான். புகை வரும் என்று சொல்லியிருக்கலாம். இரண்டே சொல். சொன்னால் இறங்கிக் காமிலின் காரில் ஏறிவிடுவார்கள். ஸ்டாண்டே கைகொட்டிச் சிரிக்கும். இறங்கிப்போய் இரண்டு கண்ணாடிகளையும் ஏற்றினான். தன் பக்கத்துக் கண்ணாடி மட்டும் நாலு விரல் இறங்கியிருந்தது. அதை அப்படியே விட்டான்.

தோட்டத்து ரோட்டில் மண் சரிந்து, ஆட்கள் அள்ளிக்கொண்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம் நிற்க வேண்டியதாயிற்று. எஞ்சினை நிறுத்தினால் தள்ளித்தான் கிளப்ப வேண்டும் என்பதால் ஓடவிட்டிருந்தான். முருகையா இறங்கி மண்வெட்டி வாங்கி அள்ளப் போனான். பின்னால் சத்தமில்லை. தனலெட்சுமி கதவில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். பிள்ளையும் அழவில்லை.

"எனக்கே தூக்கம் சொக்குது," என்றாள் பெரியாயி. "பாருங்களேன் நானா, கதகதப்புல புள்ள கன்னம் எப்புடிச் செவந்து கெடக்குன்னு."

தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் இறங்கியதும் தனலெட்சுமி வாந்தி எடுத்தாள். மர்ஸூக்கிற்கும் தலை இடித்தது. மழை என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைக்கவே விரும்பினான்.

பிள்ளை அன்று பாலுக்கு எழவேயில்லை. மூன்றாம் நாள் முருகையா ஸ்டாண்டுக்கு வந்து சொன்னபோதுதான் மர்ஸூக்கிற்குத் தெரிந்தது.

"ஆயுசு அவ்வளவுதான் போல நானா. நீங்க பத்திரமாத்தான் கொண்டாந்து சேத்தீங்க."

மர்ஸூக் வாயைத் திறந்தான். முருகையா அவன் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்கே மர்ஸூக் குழாயைக் கழற்றிக்கொண்டு வெல்டிங் கடைக்குப் போனான். அரை நாளில் வேலை முடிந்தது. புகையும் நின்றது. ஸ்டாண்டில் கோச்சி என்ற பேச்சும் மெல்ல நின்றது. அந்த அரை நாளை நினைக்காமல் அவனுக்கு ஒரு நாளும் போகவில்லை.

இரண்டு வருஷம் கழித்து முருகையா மறுபடியும் வந்தான். இந்தத் தடவை பெண் பிள்ளை. "ஒங்க காருதான் வேணுமுன்னு அக்கா சொல்லிருச்சு," என்றான்.

பெரியாயி ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியை ஏற்றச் சொன்னாள். மர்ஸூக் அசையவில்லை.

"என்னங்க நானா, காது கேக்கலியா?"

"கேக்குது." வண்டியை எடுத்தான். தெமோதரை தாண்டியது. பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே, குழாயையும் டின்னையும் கண்ணாடியையும் சொன்னான். தெரிந்துதான் ஏற்றினேன் என்பதையும் சொன்னான். சொல்லிவிட்டால் நெஞ்சுப் பாரம் இறங்கும் என்று இரண்டு வருஷமாக நம்பியிருந்தான்.

ஒரு மைல் போயிருக்கும்.

"எனக்கு அன்னைக்கே நாத்தம் தெரிஞ்சிச்சு," என்றாள் தனலெட்சுமி. கோபமில்லாத, மிகச் சிறிய குரல். "காருல ஏறுனது அதான் மொதத் தடவ. காருன்னா இப்புடித்தான் இருக்கும்போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

"நிப்பாட்டுங்க நானா," என்றான் முருகையா.

லயத்துக்கு இன்னும் அரை மைல் இருந்தது. அவன் அக்காவின் மடியிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு இறங்கினான். தனலெட்சுமியும் இறங்கி, முந்தானையால் பிள்ளையின் தலையை மூடினாள். இருவரும் தேயிலைக்கு நடுவே ஏறிய பாதையில் நடந்தார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

பெரியாயி இறங்கவில்லை.

"நான்தானே ஏத்தச் சொன்னேன்," என்றாள். யாரிடம் என்றில்லாமல், மறுபடியும் அதையே சொன்னாள்.

இல்லை, நான்தான் என்று மர்ஸூக் சொன்னான். அது அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. வெறுமையான மடியில் இரண்டு கைகளையும் மலர்த்தி வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.