இருவருக்கு ஓர் அறை

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது விண்கப்பலைப் பற்றிய கதையாகத்தான் தொடங்கியது. ஒரு கணவன், ஒரு மனைவி, பதினோரு ஆண்டுப் பயணம், அவர்கள் தங்க ஓர் அறை. முதல் வரைவில் அந்த அறைக்குச் சுவர் அகலத்துக்கு ஜன்னலும் வட்டக் கட்டிலும் கொடுத்திருந்தேன். அதைப் படித்த அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

(அத்தான்: என் அக்காவின் கணவர். சரக்குக் கப்பலில் எஞ்சின் மெக்கானிக். ஒன்பது மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. பதினெட்டு வருடமாக இப்படித்தான்.)

"மாப்ள, இந்த ரூம்ல ஒருத்தன் ஒரு வாரம் தாங்க மாட்டான். ஈரத்துணிய எங்க மாட்டுவான்? பகல்ல தூங்குறவனுக்குத் திரை எங்க?"

"அப்ப நீங்களே வரைஞ்சு குடுங்க அத்தான்."

2
இன்னொரு தொடக்கம்: "விண்மீன்களின் பேரமைதியில் அவன் கண்ணயர்ந்தபோது..."

வேண்டாம். அமைதியில் எவன் தூங்குவான் என்பார் அத்தான். கப்பலில் எஞ்சின் நின்றால்தான் விழிப்பு வருமாம். வீட்டுக்கு வந்த மூன்று வாரமாக அவர் படுக்கையறையில் படுப்பதே இல்லை. ஃப்ரிட்ஜ் உறுமுகிற சாமான் அறையில்தான் படுக்கிறார். அக்காவுக்கு அது பெரிய வருத்தம். அடுத்த பயணத்துக்கு வருகிறாரா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் அவர் கப்பல் கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும். போகாதீர்கள் என்று அக்கா சொல்ல மாட்டாள். எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லை அவளுக்கு.

(இந்தப் பத்தியை இரண்டு முறை அடித்தேன். இரண்டு முறையும் திரும்ப எழுதினேன். விண்கப்பல் கொஞ்சம் காத்திருக்கட்டும்.)

3
நேற்று மதியம் சாப்பாட்டு மேசையில் அத்தான் தான் வரைந்த அறையின் படத்தை விரித்தார். ஏழடிக்கு ஒன்பதடி. உருண்டு விழாமலிருக்கப் படுக்கைக்கு ஓரப் பலகை, தாழ்ப்பாள் வைத்த இழுப்பறைகள், செருப்புக்கு ஒரு வலை, பகல் தூக்கத்துக்குக் கனத்த திரை. ஓர் அங்குலம் வீணில்லை. அசந்துபோனேன்.

அக்கா ஈரக் கையைத் துடைத்தபடி வந்து எட்டிப் பார்த்தாள்.

"இது புருஷன் பொண்டாட்டி ரூம்தானே?"

"ஆமா," என்றார் அத்தான்.

"அவ எங்க படுப்பா?"

அத்தான் குனிந்து பார்த்தார். படுக்கை ஒன்று, இரண்டடி அகலம். கொக்கி ஒன்று. தலையணை ஒன்று. இருவருக்கென்று கேட்டும், பழகின கை ஒருவனுக்கே வரைந்திருந்தது. கதையை எழுதுகிற நானும் கவனிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

4
முடிவு அ: அத்தான் சிரித்து மழுப்பிவிட்டு, பக்கத்தில் அவளுக்கென்று இன்னோர் அறை வரைகிறார். (நம்பலாம். எனக்குப் பிடிக்கவில்லை.)

முடிவு ஆ: உடனே போனை எடுத்து, பயணத்துக்கு வரவில்லை என்று... (சினிமா.)

நடந்தது வேறு. ரப்பரை எடுத்து ஓரப் பலகையை அழித்தார். கட்டிலை அகலமாக்கக் கோடு இழுக்கப்போனவர், கையை நிறுத்தினார். முகம் சுண்டிப்போய் அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ எந்தப் பக்கம் படுப்ப?"

எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். அதனால் அக்கா சொன்ன பதில் எனக்குத் தெரியாது. நாளை வெள்ளிக்கிழமை. அடுத்த வரி அவளுடையது, அதை நீங்கள் எழுதுங்கள். தயவுசெய்து அவளை அழவைக்காதீர்கள்.